மச்சமா, தூசியா

டெய்லரக்கா ஸ்டூடியோவுக்குள் நுழைந்தபோது மணி பதினொன்றாகப் பத்து நிமிஷம் இருந்தது. கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. தோள்பட்டை ஓரத்தில் இரண்டு குண்டூசிகள். தைத்துக்கொண்டிருந்ததைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறாள் என்று பார்த்தவுடனே தெரிந்தது.

கையிலிருந்த படத்தை மேஜைமேல் வைத்தாள். வைத்தாள் என்பதைவிட அறைந்தாள் என்றே சொல்லலாம்.

"இதைச் சுத்தம் பண்ணது யாரு?"

மாமா படத்தைப் பார்த்தார். பிறகு, கம்ப்யூட்டருக்குப் பின்னால் பாதி மறைந்து உட்கார்ந்திருந்த ரப்பரைப் பார்த்தார்.

மாமா என்றால் ரப்பருடைய அக்கா புருஷன். ஸ்டூடியோவுக்கு முதலாளியும் அவர்தான். ரப்பர் என்பது அவர் வைத்த பெயர். கல்யாணப் படத்தில் பரு, கருவளையம், பின்னால் நின்று கொட்டாவி விடும் உறவுக்காரர் என்று எதைக் காட்டினாலும் சத்தமில்லாமல் அழித்துக் கொடுத்துவிடுவாள் என்பதால் வைத்தார். அது ஒட்டிக்கொண்டது. பேச்சிலும் அவள் அப்படித்தான். தொண்டைவரை வந்ததைத் தானே அழித்துக்கொண்டு சும்மா இருந்துவிடுவாள்.

"ஏன், நல்லாத்தானே இருக்கு?" என்றார் மாமா.

"ரொம்ப நல்லா இருக்கு. அதான் என் தலையில விடிஞ்சிருக்கு."

மூன்று மாதத்துக்கு முன் அவள் கொண்டுவந்தது உள்ளங்கை அளவே இருந்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அவளுடைய அப்பா, மூன்று வயதுப் பெண் குழந்தையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறார். பின்பக்கம் 'என் மகள்' என்று அவர் கையாலேயே எழுதியிருந்தது. முன்பக்கம் முழுக்க வெடிப்பும் பூஞ்சையும். ரப்பர் அதை ஸ்கேன் செய்து, துடைத்துத் துலக்கி, புதுப் படம் போட்டுக் கொடுத்தாள். பழையதையும் புதியதையும் சேர்த்து, வாரிசுச் சான்றிதழ் கேட்ட மனுவோடு தாலுகா அலுவலகத்தில் அக்கா கொடுத்துவிட்டாள்.

அப்பா போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். அக்கா குடியிருப்பதும், மிஷின் போட்டுத் தைப்பதும் அவர் வீட்டில்தான். அவருடைய மூத்த தாரத்து மகன், இவளுக்கு அண்ணன், இவள் அந்த வீட்டுப் பெண்ணே இல்லை என்கிறார்.

"படத்துல இருக்கறது சின்ன வயசுல செத்துப்போன அவரோட அக்காவாம். அப்படின்னு எழுதிக் குடுத்திருக்காரு. 'எங்க அக்காவுக்கு முகத்துல மச்சம் கிடையாது, படத்துலயும் மச்சம் இல்ல, பாத்துக்கோங்க'ன்னு ஒரு வரி வேற." அக்கா தன் இடது கன்னத்தைக் காட்டினாள். கண்ணுக்குக் கீழே மிளகு அளவு மச்சம். "பள்ளிக்கூடச் சான்றிதழ்லயும் இதைத்தான் அடையாளமாப் போட்டிருக்காங்க. பழைய படத்துல வெடிப்பைத் தவிர ஒரு எழவும் தெரியல. நீங்க குடுத்த படத்துல கன்னம் கழுவிக் கவுத்த தட்டு மாதிரி இருக்கு. இன்னிக்கு மூணு மணிக்கு விசாரணை. இதான் கடைசின்னு சொல்லிட்டாங்க."

அந்த நாள் ரப்பருக்கு ஞாபகம் இருந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று, தூசி நீக்கும் ஃபில்டரைப் படம் முழுவதற்கும் ஒரே அமுக்காக அமுக்கினாள். முகம் பளிச்சென்று வந்தது. தன்னைத்தானே மெச்சிக்கொண்டது கூட ஞாபகம் இருந்தது.

"இதுக்கா இந்தப் பாடு?" மாமா சிரித்தார். "ஏம்மா ரப்பர், இடது கன்னத்துல ஒரு புள்ளி வெச்சு விடு. ரெண்டு நிமிஷ வேலை."

டெய்லரக்கா அவரையே பார்த்தாள்.

"பொய்ப் பொட்டு வெச்சுக்கிட்டுத்தான் நான் எங்கப்பாவுக்குப் பொண்ணாகணுமா?"

மாமாவின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"சுத்தம் பண்றதுக்கு முன்னாடி எடுத்த ஸ்கேன் இருக்குக்கா," என்றாள் ரப்பர். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "அதை நான் அழிக்கல."

ஸ்கேனைத் திறந்து குழந்தையின் முகத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கினாள். மூன்று பேரும் குனிந்தார்கள். மச்சம் எங்கே என்று தேடப்போனால், எது மச்சம் இல்லை என்று கேட்க வேண்டியிருந்தது. நாற்பது புள்ளிகளாவது இருக்கும். மூக்கில், நெற்றியில், மோவாயில். வலது கன்னத்தில் ஒரு வெடிப்பு, காய்ந்த சேற்றில் விழுந்ததுபோல நீளமாக ஓடியது.

"அடேயப்பா, இதோ!" மாமாவின் விரல் திரையைத் தொட்டது. "இடது கன்னம். மத்ததை விடப் பெருசு. குண்டு மச்சம்!"

அக்காவின் கை தன் கன்னத்துக்குப் போனது. "அதானா? அதுவேதானா?" கண் நிறைந்துவிட்டது. "நல்லாப் பாரும்மா."

ரப்பர் நல்லாத்தான் பார்த்தாள். அது மிகவும் கறுப்பாக இருந்தது. அதன் ஓரம் பிளேடால் வெட்டினதுபோல இருந்தது. படமே பழைய கேமராவில் எடுத்த மங்கல் படம்; குழந்தையின் கண்ணிமைகூடப் புகைபோல இருக்கிறது. மச்சம் மட்டும் எப்படி இவ்வளவு கூர்மையாக வரும்?

"சல்லடை போட்டுப் பாத்துடலாம் மாமா."

சல்லடை என்பது அவள் வைத்த பெயர். எவரோ ஒருவர் எழுதி இணையத்தில் சும்மா கொடுத்திருந்த பிளக்-இன் அது. ஸ்டூடியோவில் பயன்படுத்தும் இலவச மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்யும். படத்தை ஐந்து சல்லடையில் சலித்து ஐந்து லேயராக, அதாவது ஐந்து அடுக்காகப் பிரித்துக் கொடுக்கும். முதல் சல்லடையில் தூசி, கீறல், நூலிழை போன்ற மெல்லிய சங்கதிகள் நிற்கும். அடுத்தடுத்து மிருதுவானவை, பெரியவை. கடைசியில் வெறும் நிழல். கல்யாணப் பெண்களின் முகத்தை அவள் இதில்தான் மெருகேற்றுவாள். முதல் சல்லடையை மறைத்தால் தூசி போய்விடும், மச்சம் போகாது. மச்சம் லென்ஸ் வழியாக வந்தது. தூசி அப்புறம் வந்து குந்தியது. இரண்டும் ஒரே சல்லடையில் நிற்காது.

ஃபில்டர் மெனுவைத் திறந்தாள். சல்லடையைக் காணவில்லை.

மறுபடி திறந்தாள். அவள் ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்திருந்த பதினோரு பிளக்-இன்னும் இருந்த இடத்தில் சாம்பல் கோடு ஒன்றுதான் இருந்தது.

"மாமா, இதுல யாராவது கை வெச்சீங்களா?"

மாமா கூரையைப் பார்த்தார். "நேத்து சாயங்காலம் புதுசு வந்திருக்கு, போட்டுக்கறியான்னு கேட்டுச்சு. இலவசம்தானேன்னு சரின்னு அமுக்கினேன். ஏன்?"

"பழைய பிளக்-இன் எதையும் புதுசு ஏத்துக்காது மாமா."

"போனா போகுது. புதுசுல புதுசு இருக்கும். அதான் மச்சம் கெடச்சுடுச்சே, பிரிண்ட் போடு. மணியைப் பாரு."

புதுசில் புதுசு இருக்கத்தான் செய்தது. ரப்பர் மூன்று பிரதிகள் எடுத்து, ஒன்றில் தூசி நீக்கி, இன்னொன்றில் இரைச்சல் குறைப்பான், மூன்றாவதில் மங்கலாக்கி என்று போட்டு அருகருகே வைத்தாள். அளவைக் குறைத்தாள்; நாற்பது புள்ளியும் அசையவில்லை. கூட்டினாள்; நாற்பதும் சேர்ந்து கரைந்தன. நல்லது கெட்டது பார்க்காமல் மூன்று கருவிகளும் எல்லாவற்றையும் வழித்தெடுத்தன. மூன்று மாதத்துக்கு முன் அவள் செய்த தப்பு, திரையில் மூன்று முறை வரிசையாக நடந்தது.

"ஒரு மணி நேரம் குடுங்க மாமா."

மாமாவுக்கு ஆச்சரியம். இந்தப் பெண் எதையும் கேட்டு அவர் பார்த்ததில்லை. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அளவு நாடாவை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

பழைய பிளக்-இன் கோப்புகள் பழைய பதிப்பின் ஃபோல்டரில் அப்படியே கிடந்தன. அதில் சல்லடையைக் கண்டுபிடித்ததும் உயிர் வந்ததுபோல இருந்தது. புதுப் பதிப்பின் ஃபோல்டருக்குள் நகலெடுத்துப் போட்டுத் திறந்தாள். சிவப்பாக ஒரு வரி வந்தது: பழைய மொழியில் எழுதியது, ஓடாது. ஃபோல்டரின் பெயரை மாற்றிப் பார்த்தாள். அதே சிவப்பு. மணி பன்னிரண்டேகால்.

வேறு வழியில்லை. பழைய பதிப்பையே மறுபடி கொண்டுவர வேண்டும். இலவச மென்பொருளில் ஒரு நல்ல குணம் உண்டு. புதுசு வந்ததும் பழசை ஒளித்துவைக்க மாட்டார்கள். தேடினால் ஒரு மூலையில் எல்லாம் வரிசையாக இருக்கும். தேடிப் பிடித்து இறக்கப் போட்டாள். நீலக் கோடு நகர ஆரம்பித்தது. நகர்ந்தது என்று சொல்வது அதற்கு மரியாதை. முப்பதில் நின்று யோசித்தது. ஐம்பத்தெட்டில் உட்கார்ந்துவிட்டது.

"இது நத்தைக்கு அண்ணன்டி," என்றாள் அக்கா. சிரிக்கத்தான் சொன்னாள். அண்ணன் என்ற வார்த்தை வாயில் வந்ததும் முகம் சுருங்கியது. "படத்துல இருக்கறது நான்தான்னு அவருக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொல்றாரு. சின்ன வயசுல இந்த மச்சத்தைக் காட்டி 'மூஞ்சியில ஈ உக்காந்திருக்கு'ன்னு என்னை அழவெச்சவரே அவர்தான்."

ஒன்றேகாலுக்குக் கோடு முடிந்தது. புதுசை நீக்காமல், பழசைத் தனி ஃபோல்டரில் நிறுவினாள். சல்லடையை அதன் இடத்தில் போட்டாள். திறந்தாள். மெனுவில் அந்தப் பெயர், ஊருக்குப் போய்த் திரும்பி வந்தவர்போல ஒன்றும் நடக்காத முகத்தோடு உட்கார்ந்திருந்தது.

அமுக்கினாள். ஐந்து லேயர்கள் விழுந்தன. எல்லாவற்றையும் மறைத்துவிட்டு மூன்றாவதை மட்டும் திறந்தாள்.

இடது கன்னத்தில் எதுவும் இல்லை.

முதலாவதைத் திறந்தாள். அங்கே இருந்தது அந்தக் குண்டுப் புள்ளி, ஆணி அடித்ததுபோல.

அன்று ஸ்கேன் செய்த வேறொருவரின் படத்தைத் தேடித் திறந்தாள். அதே இடத்தில் அதே புள்ளி. ஸ்கேனர் கண்ணாடியில் அன்று ஒட்டியிருந்த ஏதோ ஒரு பொடி.

"என்னம்மா, அதுதானே?" அக்கா எழுந்து நின்றிருந்தாள். மாமா பிரிண்டரில் தாள் போட்டு வைத்திருந்தார்.

ஆமாம் என்றால் போதும். தலையை ஆட்டினால்கூடப் போதும். ஐந்து நிமிஷத்தில் படம் வந்துவிடும். ஆனால் அலுவலகத்தில் பழைய படம் இருக்கிறது. அதில் இந்தப் புள்ளி கிடையாது. யாராவது ஒருவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அக்கா பொய்க்காரி ஆகிவிடுவாள், மிச்சமிருப்பதும் போய்விடும். வழக்கம்போல வாய்வரை வந்தது. வழக்கம்போல அதை அழிக்கப் பார்த்தாள்.

"அது தூசிக்கா."

"என்னது?"

"மச்சம் இல்ல. எங்க ஸ்கேனர்ல இருந்த தூசி. பழைய படத்துல அது இருக்காது."

அக்கா மெதுவாக உட்கார்ந்தாள். மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். "கைக்கு எட்டினதை இப்படித் தட்டிவிட்டியேம்மா!"

ரப்பர் மறுபடி மூன்றாவது சல்லடையைத் திறந்து பார்த்தாள். இதில் வெடிப்புகள் இல்லை, பூஞ்சை இல்லை. வெந்நீர் ஆவி பட்ட கண்ணாடியில் தெரிவதுபோல ஒரு குழந்தை முகம். அதன் வலது கன்னத்தில், முன்பு வெடிப்பு ஓடிய இடத்துக்குச் சற்றுக் கீழே, மிருதுவாக ஒரு கருமை. கண்ணிமை எவ்வளவு புகையோ, அதுவும் அவ்வளவே புகை. லென்ஸ் வழியாக வந்தது.

"மச்சம் இருக்குக்கா," என்றாள். "ஆனா வலது கன்னத்துல."

கடைவாசலில் யாரோ செருப்பைத் தேய்த்துவிட்டுப் போனார்கள். மணி இரண்டாகிவிட்டது.

"அப்போ அது நான் இல்லியா?" அக்காவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அண்ணன் சொல்றது நெசமா? அந்த அக்காதானா?"

ரப்பர் பதறிப்போய் லேயர்களை மாற்றி மாற்றித் திறந்தாள், எங்காவது இன்னொரு மச்சம் கிடைக்காதா என்று. ஐந்து, நான்கு, இரண்டு. கடைசியில் முதல் சல்லடை மறுபடி திரையில் நின்றது. அதில் முகமே கிடையாது. சாம்பல் பரப்பில் வெறும் கோடுகள்: வெடிப்பின் வரிகள், முடியிழைகள், அப்பாவின் சட்டை ஓரம், அதில் தையல்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். திரையைப் பார்த்தாள். முன்னால் வந்தாள். இன்னும் முன்னால் வந்தாள்.

"இதைக் கொஞ்சம் பெருசாக்கு. மூஞ்சி வேண்டாம். சட்டை."

பெரிதாக்கினாள். குழந்தை மார்பை மறைத்திருந்தது. கழுத்திலிருந்து நான்கு விரல் நீளத்துக்குச் சட்டையின் பட்டன் பட்டை மட்டும் தெரிந்தது.

"இதென்ன, பொம்பளைச் சட்டையா போட்டிருக்காரு எங்கப்பா?"

"என்னக்கா?"

"ஆம்பளைச் சட்டையில இடது பக்கத் துணிதான் மேல வரும், காஜா ஓட்டை அதுல இருக்கும். பட்டன் வலது பக்கம். பொம்பளைச் சட்டைக்கு அதுக்கு நேர் எதிர். இருபது வருஷமா தெச்சுக்கிட்டிருக்கேன், இது எனக்குத் தெரியாதா? இத்தனை நாளும் அவர் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன்டி. சட்டையைப் பாக்கவே இல்ல." அவள் மாமா பக்கம் திரும்பினாள். "உங்க சட்டையைக் காட்டுங்க!"

மாமா குனிந்து தன் பட்டனைப் பார்த்தார், இன்றுதான் முதல்முறை பார்ப்பவர்போல. பிறகு திரையைப் பார்த்தார். "ஐயையோ," என்றார். "அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரன் நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பிரிண்ட் எடுத்திருக்கான். படமே இடம் வலமா மாறிக் கெடக்கு!"

ரப்பர் மவுஸை எடுத்தாள். இடம் வலமாகத் திருப்பு என்பதை அமுக்கினாள். அப்பாவின் சட்டை ஆண் சட்டை ஆனது. மச்சம் இடது கன்னத்துக்கு வந்து சேர்ந்தது.

அலுவலகத்துக்கு மாமா வரமுடியாது, கடையைப் பார்க்க ஆளில்லை. "நீ போ," என்றார். "நீதானே பண்ணினே." ரப்பர் ஐந்து லேயர்களின் அச்சையும் ஓர் உறையில் போட்டு எடுத்துக்கொண்டாள். வழி நெடுக உறை அவள் கையில் ஈரமானது.

அறையில் ஒரு நீள மேஜை. அதிகாரி கண்ணாடி போட்ட நடுவயதுப் பெண். எதிரே அண்ணன், இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையில், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"முன்னாடி குடுத்த பிரதியைத் தயார் பண்ணது யாரு?" என்று கேட்டார் அதிகாரி.

அக்கா வாயைத் திறப்பதற்குள் ரப்பர் எழுந்துவிட்டாள்.

"நான்தான் மேடம். தூசின்னு நெனச்சு மச்சத்தை நான்தான் அழிச்சேன்."

அண்ணன் சிரித்தார். "அழிச்சவங்களே இப்ப வரைஞ்சும் கொண்டுவந்திருக்காங்க. நல்ல ஸ்டூடியோ."

"இதுல நான் எதையும் வரையல. இந்த அஞ்சு லேயரையும் கம்ப்யூட்டர்ல மறுபடி ஒண்ணாச் சேர்த்தா அதே பழைய ஸ்கேன் வரும். ஒரு புள்ளி நான் சேர்த்திருந்தாலும் வராது." மூச்சு விட்டுக்கொண்டாள். "உங்ககிட்ட இருக்கற பழைய படத்துலயே பாருங்க மேடம். வலது கன்னத்துல, வெடிப்புக்குக் கீழ."

அதிகாரி பூதக்கண்ணாடியை எடுத்தார். நெடுநேரம் பார்த்தார். அந்த நேரத்தில் ரப்பர் மின்விசிறியின் சுற்றுகளை எண்ணினாள்.

"இருக்கு," என்றார் அதிகாரி. "ஆனா சான்றிதழ்ல இடது கன்னம்."

"அதைத்தானே நானும் சொல்றேன்," என்றார் அண்ணன்.

அக்கா கைப்பையிலிருந்து சின்னக் கண்ணாடியை எடுத்துப் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்திப் பிடித்தாள். "மேடம், முதல்ல அண்ணன் சட்டையைப் பாருங்க, எந்தப் பக்கத் துணி மேல இருக்குன்னு. அப்புறம் அப்பா சட்டையைப் பாருங்க. எங்கப்பா பொம்பளைச் சட்டை போட்டுக்கிட்டுப் படம் எடுத்தாருன்னு அண்ணன் சொல்லட்டும், நான் இப்பவே எழுந்து போயிடறேன்."

அதிகாரி அண்ணனின் மார்பைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். கண்ணாடிக்குள் தெரிந்த படத்தைப் பார்த்தார். அதில் சட்டையும் சரியாக இருந்தது, கன்னமும் சரியாக இருந்தது. கடைசியாக எதிரே நின்ற டெய்லரின் கன்னத்தைப் பார்த்தார்.

அண்ணன் காலை இறக்கினார். "எங்க அக்காவுக்குக் கூட..." என்று ஆரம்பித்தார்.

அதிகாரி கோப்பைப் புரட்டி ஒரு தாளை எடுத்தார். "'எங்கள் அக்காவுக்கு முகத்தில் மச்சம் எதுவும் கிடையாது.' நீங்க எழுதிக் குடுத்ததுதானே? கையெழுத்து உங்களோடதுதானே?"

அண்ணனின் விரல் தன் மேல்பட்டனைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தது.

"இந்த ஆட்சேபணையை நான் ஏத்துக்கல," என்று சொல்லிவிட்டு அதிகாரி எழுத ஆரம்பித்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை ரப்பர் பக்கம் நகர்த்தினார். "நீங்க என்ன பண்ணீங்கன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்கம்மா. அழிச்சதையும் சேர்த்து எழுதுங்க."

எழுதினாள். ஒன்றையும் விடவில்லை.

அக்கா முன்னால் படியிறங்கினாள். கடைசிப் படியில் நின்று மூக்கை உறிஞ்சினாள். அவள் கன்னத்தில், மச்சத்துக்குப் பக்கத்தில், கறுப்பாக ஒரு நூல் துணுக்கு ஒட்டியிருந்தது. ரப்பரின் கை தன்னால் மேலே போய், பாதியில் நின்றது.

"என்னடி?"

"தூசிக்கா."

"நல்லாப் பாத்துட்டு எடு," என்றாள் டெய்லரக்கா, கன்னத்தைக் காட்டிக்கொண்டு.